மழை வரைக்கும் பொறுக்கச் சொன்னாய்

மகன்,

பொத்துவில் ஹோட்டல் தன் கடற்கரைத் தோட்டத்தைத் திரும்பவும் உன்னிடம் தர விரும்புகிறது. திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு ஹோட்டல் முகாமையாளரே உன் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னார். நீ கட்டாருக்குப் போன நாளிலிருந்து அந்த இலக்கத்தை நான்தான் உயிரோடு வைத்திருக்கிறேன். ஒரு வாயால் கேட்டதை நான் செய்தியாக எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கல்முனையில் பஸ் ஏறிப் போய் இடத்தை நேரில் பார்த்தேன். முன்பக்கப் புல்லில் பாதி உப்புக்காற்றில் கருகிக் கிடக்கிறது. செவ்வரத்தைப் பூச்செடிகள் குச்சியாகிவிட்டன. நீ நட்ட வெள்ளைப் போகன்விலா மட்டும் மதிலோடு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதே வெள்ளை முன்பக்கம் முழுவதும் வேண்டுமாம். மழையோடு நட்டு, ஏப்ரலில் வெளிநாட்டார் வந்திறங்கும்போது எல்லாம் வேர் பிடித்து நிற்கவேண்டும் என்கிறார். நிபந்தனை ஒன்றுதான். "அந்தத் தம்பி வந்து நிண்டு செய்யிறதெண்டா வேலை உங்களுக்குத்தான். அவர் வராட்டி நான் வேற ஆளப் பாக்கணும், குறை நினைக்காதீங்க" என்றார். ஒக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஸலாம் சொல்லாமல் செய்தியில் தொடங்கிவிட்டேன். முப்பத்தொன்பது வருட நிருபர் பழக்கம். அஸ்ஸலாமு அலைக்கும், மகன். உடம்புக்கு ஒரு குறையுமில்லை, முழங்காலைத் தவிர.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். வெள்ளிதோறும் நீ எடுக்கிறாய். சாப்பிட்டீங்களா வாப்பா என்று கேட்கிறாய், ஓம் என்கிறேன். அங்க வெயில் எப்படி என்று கேட்கிறேன், இரிக்கி என்கிறாய். அதற்குப் பிறகு இருவரும் மற்றவர் வைப்பதற்காகக் காத்திருக்கிறோம். போன வெள்ளி நாம் கதைத்தது ஒரு நிமிடம் நாற்பது வினாடி. தொலைபேசியே கணக்குக் காட்டுகிறது. உன் ஒப்பந்தம் முடியப்போகிறது, நீட்டிப்பதா வேண்டாமா என்று ஒக்டோபர் பதினைந்துக்கு முன் நீ கம்பனிக்குச் சொல்லவேண்டும் என்பதைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை. தங்கச்சியிடம் சொன்னாய், அவள் என்னிடம் சொன்னாள். ஆகவே அதை இன்னும் உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே வைத்திருக்கிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது என்று நினைக்கிறேன். ஊரெல்லாம் படிக்க எழுதியவன் வீட்டுக்குள் ஒரு வரி எழுதவில்லை.

எழுதவேண்டிய காரணம் வேறு. நீ முடிவெடுப்பதற்கு முன் ஒரு திருத்தம் வெளியிடவேண்டியிருக்கிறது. பத்திரிகையில் நாம் பிழை விட்டால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போடுவோம். இந்தத் திருத்தம் நாலு வருடம் பிந்தியது.

அந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். இருந்தாலும் எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன், பிழையிருந்தால் நீ திருத்து. ஜூலை மாதம், அஸர் தொழுகைக்குப் பிறகு. கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டார் முன் விறாந்தையில் இருந்தார்கள். அவளுக்குப் பின் வளவில் வீடு கட்டிக் கொடுப்பதென்று பேசி முடித்து, கல் வைக்கிற நாளும் குறித்தாகிவிட்டது. அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள். பின் வளவு முழுக்க அப்போது உன் கன்றுகள். பையில் இருந்ததைத் தூக்கி வைக்கலாம். நிலத்தில் நின்றவை தாய்க்கன்றுகள், அவற்றிலிருந்து கம்பு வெட்டித்தான் நீ ஒவ்வொரு மாரிக்கும் ஆயிரக்கணக்கில் புதிதாக வளர்த்தாய். போகன்விலாவில் மட்டும் ஏழு நிறம் வைத்திருந்தாய். அறுபத்துச் சொச்சம் தாய்க்கன்று, ஒன்பது வருட வேலை.

நீ கையில் ஹோஸ் பைப்போடு வந்து நின்றாய். "வாப்பா, மழ வரைக்கும் பொறுப்பமா? மூணு மாசந்தான். தாய்க்கண்டெல்லாம் நிலத்தில நிக்கி. இந்த வெயில்ல கெளப்பினாச் சாகும்" என்றாய்.

நான் விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டே உனக்குப் பதில் சொன்னேன். "நாளைக்குப் பொண்ணுட ஊட்டுக்குப் போறவன், உனக்கென்னத்துக்கு வளவு?"

அவர்கள் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். பிறகு போய்த் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் சொன்னது நம் ஊர் வழக்கம். வீடு பெண்ணுக்கு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டில் போய் இருப்பான். உன் உம்மாவின் வீட்டுக்கு நானும் ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் அப்படித்தான் வந்தேன். வழக்கத்தில் பிழையில்லை. வளவு தங்கச்சிக்கு எழுதப்பட்டதிலும் பிழையில்லை, அதை நீயே முதலில் சொன்னவன். நீ வளவைக் கேட்கவில்லை. மூன்று மாதம் கேட்டாய். நீ கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டு, நீ கேட்ட கேள்வியை விட்டுவிட்டேன். ஓர் அதிகாரி என்னிடம் இப்படிச் செய்திருந்தால் அடுத்த நாள் அதையே தலைப்பாகப் போட்டிருப்பேன்.

பொழுதுபட உம்மா என்னிடம் ஒரு தடவை கேட்டாள். "கல்லு எங்க போகப்போகுது? மழ வந்த பொறகு வெச்சாத்தான் என்ன?" நாள் குறிச்சாச்சி என்றேன். அதோடு அவள் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை, மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை. அந்தக் கிழமை நான் வாய்க்கால் தண்ணீர் கிடைக்காத வயற்காரர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கீழ் வயற்கண்டத்தாரிடம் கேட்டேன், மேல் வயற்கண்டத்தாரிடம் கேட்டேன், நீர்ப்பாசனக்காரரிடமும் கேட்டேன். மூன்று தரப்பும் பேசிய நல்ல செய்தி அது. வீட்டுக்குப் பின்னால் நீயும் உன்னோடு வேலை செய்த செல்வராணியும் அலவாங்குக் கம்பி போட்டுத் தாய்க்கன்றுகளைக் கிளப்பிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒருநாள்கூட அந்தப் பக்கம் வந்து பார்க்கவில்லை.

நீ அவற்றைப் பெரியநீலாவணையில் செல்வராணியின் தம்பியுடைய காணித் துண்டுக்குக் கொண்டுபோனாய். எத்தனை பிழைத்தன என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இந்த வருடம்தான் கேட்டேன். செல்வராணி தேங்காய்த் தும்புத்தூளைச் சலித்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு. அதிலயும் ரெண்டு குரோட்டன், அது கல்லில வெச்சாலும் பிழைக்கும்." போகன்விலா ஒன்றுகூட இல்லையாம். அந்த மாரிக்கு உன்னிடம் விற்கவும் நடவும் கன்றில்லை. மாரி முடிய நீ கட்டாருக்குக் கடவுச்சீட்டு எடுத்தாய். தங்கச்சியின் வீட்டுக்குக் கூரைத் தகடு போடத்தான் போகிறாய் என்று நான் ஊருக்குச் சொன்னேன். நீ அதையும் மறுக்கவில்லை.

இனி வீட்டைப் பற்றி. மச்சானுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துத் தங்கச்சி பிள்ளையோடு போய்ப் பதினான்கு மாதம். வீடு பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பதினொரு ஜன்னலையும் திறப்பேன், அஸருக்கு முன் பூட்டுவேன். காற்றோட்டம் இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று மேசன் சொல்லியிருக்கிறார். திறந்தபின் ஒவ்வோர் அறையிலும் ஃபேனைப் போட்டுப் பார்ப்பேன். பிறகு விறாந்தைப் படியில் இருப்பேன். உன் ஹோஸ் பைப் கிடந்த இடத்தில்தான் அந்தப் படி வருகிறது. முன் வீட்டில் உம்மா இல்லை, பின் வீட்டில் யாருமில்லை. இரண்டு வீட்டுப் பூட்டுத் திறப்பும் என் சாரத்து மடியில் இருக்கிறது. ஒரு சுண்டு அரிசி போட்டால் மறுநாளும் மிச்சம். இதை உன் மனம் இளகவேண்டும் என்று எழுதவில்லை. வீட்டு நிலவரம் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படியில் இருந்தபடி தங்கச்சிக்கு எடுத்தேன். வளவு அவளுடையது, அவளைக் கேட்காமல் எதுவும் செய்யமுடியாது. அவளுடைய காக்கா உன் கன்றுகளை வீட்டைச் சுற்றி வைக்கலாமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "வாப்பா, கல்லு வெச்ச அண்டு காக்கா என்னோட கோவமா எண்டு நான் கேட்டன். சிரிச்சான். அவன் சிரிச்சதுதான் எனக்குப் பொறுக்கல்ல. ஊடு முழுக்க வெச்சாலும் சரி, வையுங்க." அவளுக்கும் இத்தனை நாள் அது தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று பேருக்குத் தெரிந்த செய்தி, நிருபருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே இப்போதைய நிலவரம் இது. உன்னோடு ஒன்பது வருடம் கன்று வளர்த்த செல்வராணி, நீ போனபின் தனியாகச் சின்ன அளவில் அதைக் கைவிடாமல் வைத்திருந்தவள், தினமும் காலை எட்டுக்குப் பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் வருகிறாள். வெள்ளி வேலையில்லை. நிழல்வலை தங்கச்சி வீட்டு முன் தூண்களிலிருந்து கிணற்றடித் தென்னை வரைக்கும் கட்டியாகிவிட்டது. பழைய வலை கச்சானில் நார்நாராகக் கிழிந்திருந்தது. செல்வராணியின் தம்பி மீன்வலை பொத்துகிற ஊசியாலேயே அதைத் தைத்துத் தந்தார். தும்புத்தூளும் ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்து தொள்ளாயிரம் பை நிரப்பியிருக்கிறோம். மலேசியன் புல் நான்கு பாத்தி பிரித்து நட்டு, மூன்று நன்றாகப் படர்ந்திருக்கிறது, நாலாவதைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறிவிட்டன. புல் வெட்டும் இயந்திரம் கிளம்பவில்லை. ஆட்களைப் பொறுத்தவரை, நீ முன்பு செய்ததையே செய்கிறேன். மழை விழுந்ததும் வயல் விதைப்புக்கு எல்லாரும் போய்விடுவார்கள், கூலிக்கு ஒருவர் அகப்படமாட்டார். அதே நேரம் கடல் கொந்தளித்து மீன்பிடிக்காரர் கரையில் நிற்பார்கள். செல்வராணியின் தம்பியும் இன்னும் ஐந்து பேரும் வருவதாக வாக்குத் தந்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவன் நீயென்று அவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். வயலையும் கடலையும் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவன், இரண்டையும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெள்ளைப் போகன்விலா. அதன் தாய்க்கன்று எல்லாம் செத்துவிட்டதென்று எழுதினேன். ஒன்று சாகவில்லை. நீங்கள் கிளப்பிய கிழமை உம்மா ஒரு கன்றை மட்டும் வேர்மண்ணோடு உரச்சாக்கில் சுற்றி முன் வீட்டுக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொன்னாளா என்று தெரியாது. நான் ஐந்து நேரமும் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் நட்டிருக்கிறாள். ஆக அந்தக் கன்றுக்கு நாலு வருடம் தண்ணீர் ஊற்றியவன் நான்தான், அது எனக்குத் தெரியாமலே. முள் சாரத்தில் மாட்டும்போதெல்லாம் வெட்டச்சொல்லிக் குரல் கொடுப்பேன், அவள் காதில் விழாததுபோல இருந்துவிடுவாள். ஓகஸ்டில் செல்வராணி அதைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு அதன் முன்னால் குந்திக்கொண்டாள். அன்று இருவருமாக நூற்றைம்பது கம்பு வெட்டிப் பையில் வைத்தோம்.

இதிலும் நான் ஒரு பிழை செய்தேன், அதையும் எழுதிவிடவேண்டும். பத்தாம் நாள் கம்புகளில் பச்சைத் தளிர் வந்தது. வேர் பிடித்துவிட்டது என்றேன். செல்வராணி இல்லையென்றாள். தளிர் கம்புக்குள் இருக்கிற பலத்தில் வரும், வேரில்லாமலும் வரும் என்றாள். நான் ஆதாரத்தைக் கேட்டுப் பழகியவன். அவள் இல்லாத வெள்ளிக்கிழமைகளில், ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெள்ளிக்கு ஒரு வரிசையாகப் பத்துப் பத்துக் கம்பைப் பிடுங்கி அடியைப் பார்த்தேன். சிலதில் வெள்ளையாக ஒரு மொட்டு, சிலதில் ஒன்றுமில்லை. குறிப்புப் புத்தகத்தில் பதிந்துவிட்டுத் திரும்பக் குத்தினேன். மூன்று வெள்ளி, முப்பது கம்பு. முப்பதும் கருகின. மற்ற வரிசைகள் பச்சையாக நிற்க, அந்த மூன்று வரிசை மட்டும் காய்ந்ததைக் கண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"பேப்பர் காக்கா, உள்ளதச் சொல்லுங்க. பிடுங்கிப் பாத்தீங்களா?"

உறுதிப்படுத்தத்தான் என்றேன்.

"உறுதிப்படுத்தி எல்லாத்தையும் மௌத்தாக்கிப் போட்டீங்க. இது உங்கட மந்திரி இல்ல, மைக்க நீட்டினாச் சொல்ல. தண்ணிய ஊத்திப்போட்டு அங்கால போங்க. அது பிடிச்சா அதுவாக் காட்டும்."

அவள் சொன்னது என்னை நாள் முழுக்க விடவில்லை. உனக்கு எத்தனை தடவை எடுத்து, எப்ப வருவாய் என்று கேட்கப் போய், வெயிலைப் பற்றிக் கேட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். கேட்காமல் விட்டது நல்லதென்று முதல் தடவையாகத் தோன்றியது.

பிள்ளைக்குத் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்கவேண்டும் என்பார்கள். என்னிடம் அதிகமில்லை. ஆட்களுக்கு முன்னால் யாரும் உன்னிடம் எதையாவது கேட்டால், அந்த ஆட்களைப் பார்த்துப் பதில் சொல்லாதே, கேட்டவனைப் பார்த்துச் சொல். இது உனக்குப் பிள்ளை பிறக்கும் காலத்துக்கு. நீ கேட்கும்போது, சிரித்துவிட்டுப் போய்விடாதே. உன் சிரிப்பை நான் சம்மதமென்று எடுத்தேன். அது என் பிழை, ஆனால் உன் சிரிப்பை நாளைக்கு உன் மனைவியும் அப்படி எடுக்கக்கூடும். அவள் வீட்டுக்கு நீ போகிற நாளில், அங்கே ஒரு மூலையில் நிலத்தில் கன்று வைக்க இடம் கேள். வெட்கப்படாதே. நான் உம்மாவின் வீட்டுக்கு வந்தபோது என் பத்திரிகைக் கட்டுகளுக்கு ஓர் அலுமாரி கேட்டேன், தந்தார்கள். அதற்காக யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை.

நீ வரவேண்டுமென்று இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். அங்கே உனக்கு நாற்பது பேருக்கு மேற்பார்வை என்று தங்கச்சி சொன்னாள். பாலைவனத்தில் புல் வளர்க்கிறவனுக்குப் பொத்துவில் உப்புக்காற்று ஒரு பொருட்டாகாது. அங்கே இருப்பது உனக்கு நல்லதென்று நீ கண்டால், இரு. ஹோட்டல்காரருக்கு இல்லையென்று நான் மரியாதையாகச் சொல்லிவிடுவேன். இருக்கிற கன்றுகளைச் செல்வராணி இங்கே ஊருக்குள் வீடுவீடாக நட்டு முடிப்பாள், அதற்கு என் முழங்கால் போதும். எந்த முடிவையும் பின் வளவில் நான் சொன்ன அந்த ஒரு வசனத்தை மனதில் வைத்து எடுக்காதே. அந்த வசனம் பிழை. நான் அதைத் திரும்பப் பெறுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொன்னதால் அவர்களிடமும் சொல்லவேண்டும் என்று நினைத்துப் போன ஞாயிறு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவருக்கு அந்த நாளே நினைவில்லை. தேத்தண்ணி தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இன்னும் தெரியாதவை இவை. மழை ஒக்டோபர் நடுப்பகுதியில் திரும்பும் என்று செல்வராணியின் தம்பி கடலைப் பார்த்துச் சொல்கிறார், வேறு ஆதாரம் என்னிடமில்லை. ஹோட்டல்காரருக்குப் பதில் இரண்டாம் வெள்ளி. உன் கம்பனிக்கு நீ சொல்லவேண்டியது பதினைந்தாம் திகதி, அதை நீயே சொன்னால்தான் நான் உறுதியென்று எடுப்பேன். மிச்சமிருக்கிற நூற்றிருபது வெள்ளைப் போகன்விலாவிலும் தளிர் இருக்கிறது. வேர் இருக்கிறதா என்பது இன்னும் இரண்டு கிழமையில் தெரியும் என்கிறாள் செல்வராணி.

நாளை வெள்ளிக்கிழமை. அவள் வரமாட்டாள். ஜும்ஆ முடிந்து வந்து ஜன்னல்களைத் திறப்பேன், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன், நீ எடுத்தால் வெயிலைப் பற்றிக் கேட்பேன். ஒன்றையும் பிடுங்கிப் பார்க்கமாட்டேன்.

வாப்பா